பாம்பின் இதயம்: ஒரு கடல் முள்ளெலிக்குப் பெயர் வந்த வரலாறு

தென் இங்கிலாந்தின் வெண்ணிறக் குன்றுகளில் ஆடு மேய்த்துத் திரிந்த இடையர், மழை கழுவிவிட்ட நிலத்திலே சில வேளைகளில் ஒருவகைக் கல்லைக் கண்டெடுப்பதுண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. மேற்புறத்திலே ஐந்து இதழ் விரித்த பூவொன்றைச் செதுக்கி வைத்தாற்போன்ற கோலம். மனிதன் கை படாத ஒரு கல்லில் இத்துணை ஒழுங்கான சித்திரம் அமைந்தது எவ்வாறு என்று அவர்கள் வியந்தனர். ‘இடையன் முடி’ என்று சிலர் அதனை அழைத்தனர். கிழக்குப் பகுதியான சபொக் நாட்டவர் ‘தேவதை அப்பம்’ என்றனர். சன்னல் ஓரத்தில் அதனை வைத்தால் வீட்டில் இடி விழாது, பானையில் பால் திரையாது, அடுப்படியில் அப்பத்துக்குக் குறைவு வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்நம்பிக்கை நேற்று முளைத்ததன்று. 1887ஆம் ஆண்டிலே, டன்ஸ்டபிள் என்னும் ஊரை அடுத்த மேட்டு நிலத்தில், வேர்திங்டன் ஸ்மித் என்பார் வெண்கலக் காலத்துப் புதைகுழி ஒன்றை ஆராய்ந்தார். அதனுள்ளே ஒரு பெண்ணின் எலும்புகளும் அவளோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் எலும்புகளும் கிடந்தன. அவற்றுடன் ஏறத்தாழ 200 ஐயிதழ்க் கற்கள் கண்டெடுக்கப்பட்டன. எழுத்தறியாத அம்மக்கள் இறந்த தாய்க்கும் சேய்க்கும் துணையாக எதனை வைத்தனர் என்பதை அக்கற்கள் இன்றும் சொல்லிக் கொண்டிருக்கின்றன. அவை யாவை என்பதை மட்டும் அவர்கள் அறிந்திலர்.

அக்கல்லுக்கு மக்கள் இட்ட பெயர்கள் பல. விஞ்ஞானிகள் இட்ட பெயர்களும் பல. ஆயினும் மக்கள் இட்ட பெயருக்கும் விஞ்ஞானி இடும் பெயருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மக்கள் இட்ட பெயருக்குக் காரணம் காட்ட வேண்டுவதில்லை. விஞ்ஞானி தாம் இட்ட பெயருக்குப் பொறுப்பாளி ஆகின்றார். அந்தப் பொறுப்பு எத்துணைப் பெரிது, அதை நிறைவேற்றுவது எத்துணை அரிது என்பதை விளக்குவதற்கு இக்கல்லின் வரலாற்றை விடச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று காண்பது எளிதன்று.

கல் எனப்பட்டது உண்மையில் ஒரு கடற்பிராணியின் ஓடு. கடல் முள்ளெலி என்று இன்று நாம் வழங்கும் பிராணிகளுள் பல, பாறையின் மீது வாழ்வன, உருண்டை வடிவின, நீண்ட முட்கள் உடையன. அவற்றுக்கு உறவான மற்றொரு கூட்டம் கடலடி மணலிலும் சேற்றிலும் தன்னைப் புதைத்துக் கொண்டு வாழும். அக்கூட்டத்தின் உடல் இதய வடிவினது. முட்கள் மயிர்போற் குறுகியன. பிராணி இறந்ததும் முட்கள் உதிர்ந்துவிடும். சுண்ணத்தாலாகிய மெல்லிய தகடுகள் பல இணைந்த ஓடு மாத்திரம் எஞ்சும். மேற்புறத்துப் பூவிதழ்கள், பிராணி மூச்சு விடுவதற்குப் பயன்படுத்திய குழாய்ப்பாதங்கள் வெளிப்பட்ட துளைகளின் வரிசைகளேயாகும்.

அந்த ஓடுகளைப் பொதிந்து வைத்த பாறையும் கடலில் உண்டானதே. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெத்தேசியக் காலத்திலே, இன்றைய ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் சுண்ணத் தகடுகள், நுணுக்குக்காட்டி இன்றிக் கண்ணுக்குப் புலனாகாத அளவின, ஓயாது அடியில் வீழ்ந்து படிந்தன. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவே உயர்ந்த அப்படிவு, நெடுங்காலம் இடையறாது தொடர்ந்தமையால் நூற்றுக்கணக்கான மீற்றர் தடிப்புள்ள வெண்கட்டிப் பாறையாயிற்று. டோவர் துறைமுகத்தருகே கப்பலில் வருவோர் கண்ணுக்கு முதலில் தோன்றும் வெண்மலைச் சுவர் அதுவே. அச்சேற்றில் வாழ்ந்து இறந்த முள்ளெலிகளின் ஓடுகள் அதிலேயே புதைந்து, உயிர்ச்சுவடுகளாகி நின்றன.

இனி, பெயர் வந்த கதையைப் பார்ப்போம். பால்டிக் கடலோரத்துத் தான்சிக் நகரசபையின் செயலாளராக யாக்கோப்பு தியோடோர் கிளைன் என்பவர் இருந்தார். ஓய்வு வேளைகளில் இயற்கைப் பொருள்களைத் திரட்டி ஆராய்வதே அவர் இன்பம். 1734ஆம் ஆண்டிலே அவர் கடல் முள்ளெலிகளைப் பற்றித் தனி நூலொன்று இலத்தீன் மொழியில் வெளியிட்டார். முட்தோலிகள் என்று இன்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் ‘எக்கைனோடேர்மாற்றா’ என்ற சொல்லை ஆக்கியவர் அவரே. உயிருள்ள முள்ளெலிகளையும் கல்லாகிப்போன முள்ளெலிகளையும் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தமை அக்காலத்துக்குப் பெரிய துணிவு. மண்ணுக்குள் இயற்கை விளையாட்டாகச் செய்து வைத்த சித்திரங்களே அக்கற்கள் என்ற பழைய எண்ணம் முற்றாக மறைந்துவிடாத காலம் அது.

ஆயினும் கிளைன் இட்ட பெயர்கள் இன்று சட்டப்படி செல்லுபடியாகா. விலங்குகளின் பெயரீட்டுக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பே தொடக்கம் என்று பிற்காலத்தார் உடன்பாடு செய்து கொண்டனர். சாதிக்கு ஒரு பெயர், இனத்துக்கு ஒரு பெயர் என்று இரு சொற்களால் உயிரைக் குறிக்கும் முறை அதில் நிலைபெற்றது. கிளைன் தம் வாழ்நாள் முழுவதும் லின்னேயசின் முறைகளை எதிர்த்தவர். அவருடைய நூல் அவர் எதிர்த்த முறையினாலேயே வாழ வேண்டியதாயிற்று. இலைப்சிக் நகரத்துப் பேராசிரியர் லெஸ்கே என்பவர், கிளைனின் நூலை விரிவாக்கி 1778ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிட்டபோது, இரு சொற் பெயர்களை அமைத்தார். அவ்வாறு அமைந்தவற்றுள் ஒன்றுதான் ‘கொர்-அங்குயினம்’ என்பது. ‘பாம்பின் இதயம்’ என்பது அதன் பொருள்.

அதன் பின்னர் இதயங்கள் பெருகின. 1829ஆம் ஆண்டிலே செருமானிய அறிஞர் கோல்ட்பூசு ‘ஆமையின் இதயம்’ என்று பொருள்படும் ‘கொர்-தெஸ்துதினாரியம்’ என்ற இனத்தை விவரித்தார். 1836ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த லூயி அகாசீ இவற்றையெல்லாம் ‘மைக்கிராஸ்டர்’ என்னும் புதிய சாதியின் கீழ்க் கொண்டு வந்தார்; ‘சிறிய விண்மீன்’ என்பது அச்சொல்லின் பொருள். 1850ஆம் ஆண்டளவிலே பிரித்தானிய அறிஞர் எட்வேட் போபிசு ‘எருதின் இதயம்’ என்று பொருள்படும் ‘கொர்-போவிஸ்’ என்ற இனத்தைச் சேர்த்தார். முன்னவர் பெயரை நிலைநிறுத்துவதாக ‘லெஸ்கேயி’ என்ற இனமும் எழுந்தது. பாம்பு, ஆமை, எருது என ஒரு விலங்குச்சாலையே வெண்கட்டிப் பாறைக்குள் குடியேறிவிட்டது.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் என்ன? கையில் உள்ள உயிர்ச்சுவடு முன்பு பெயர் பெற்ற எதனோடும் ஒத்ததன்று என்று காட்ட வேண்டும். எவ்வெவ் உறுப்பில், எவ்வளவு வேறுபடுகின்றது என்று பிறர் விளங்குமாறு எழுத வேண்டும். உருவம் வரைந்து காட்ட வேண்டும். பெயரை அச்சிட்டு உலகறிய வெளியிட வேண்டும். எந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பெயரை இட்டாரோ அதனை மூலமாதிரி என்று குறித்து, பிறர் வந்து பார்க்கத்தக்க நூதனசாலையில் வைத்தல் வேண்டும் என்பது பிற்காலத்தில் வலுப்பெற்ற வழக்கம். ஐயம் எழும்போதெல்லாம் அறிஞர் திரும்பிச் செல்ல வேண்டிய சாட்சி அம்மூலமாதிரியே.

இந்த ஒழுங்குகள் யாவும் நல்லனவே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு குறை எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. சேகரிப்போர் பலர் பாறைக்குச் செல்வதில்லை. சுண்ணக் கற்குழிகளில் வேலை செய்த கூலியாளர், தம் கையிற் கிடைத்த அழகிய கற்களை எடுத்து வைத்திருப்பர். சில்லறை கொடுத்து அவற்றை வாங்கிவந்து, கழுவி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவர். எந்தக் குழியில் என்பது தெரிந்திருக்கும். குழியின் எந்த மட்டத்தில் என்பது தெரிந்திராது. கற்குழியின் அடிக்கும் முடிக்கும் இடையே பல இலட்சம் ஆண்டுக் காலம் கழிந்திருக்கலாம். பாட்டனையும் பேரனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முகம் வேறுபடுகின்றது, ஆகவே இவர்கள் வேறு குடியினர் என்று எழுதுவதை ஒத்தது அச்செயல்.

இதே காலத்திலேதான் இவ்வினா ஒரு பெரும் வழக்கின் பகுதியாயிற்று. 1859ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் டார்வின், உயிர்வகைகள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்னும் கூர்ப்புக் கொள்கையை விரித்தெழுதினார். அக்கொள்கைக்கு எதிராக எழக்கூடிய தடைகளுள் பெரியதொன்றை அவர் தாமே எடுத்துக் கூறினார். உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்றால், இடைநிலை உருவங்கள் பாறைகளில் ஏராளமாகக் கிடைக்க வேண்டுமே, அவை எங்கே? பாறைகளின் ஏடு குறைவுபட்டது, பெரும்பாலான பக்கங்கள் தொலைந்து போயின என்பதே அவர் தந்த விடை. உண்மையாயினும், சாட்சி இல்லை என்று ஒப்புக்கொள்ளும் விடை அது. தொலையாத ஏடு ஒன்றேனும் எங்காவது உண்டா என்று தேடும் கடன் பின்வந்தோர் மீது விழுந்தது.

அத்தகைய ஏடு வெண்கட்டிப் பாறையாக இருக்கக்கூடும் என்பதற்கு வழி திறந்தவர் சார்ள்ஸ் பரூவா என்னும் பிரெஞ்சுப் புவிச்சரிதவியலார். பிரான்சிலே வெண்கட்டிப் பாறையை உயிர்ச்சுவடுகளைக் கொண்டு வலயம் வலயமாகப் பிரித்திருந்தனர். ஆங்கிலேயர் தம் நாட்டுப் பாறையை வேறுபாடற்ற ஒரே வெண்பிண்டமாகக் கருதி வந்தனர். பரூவா கால்வாயைக் கடந்து வந்து, அதே வலயங்கள் இங்கிலாந்திலும் அதே வரிசையில் அமைந்துள்ளன என்று 1876ஆம் ஆண்டில் நிறுவினார். கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. ஆகவே வலயத்தை அறிந்தால் காலத்தின் வரிசையை அறியலாம்.

அவ்வரிசையைக் கையிலெடுத்துக் கொண்டு மைக்கிராஸ்டரைத் தேடப் புறப்பட்டவர் ஆதர் றோ. அவர் பேராசிரியர் அல்லர். அரசாங்கத்துப் புவிச்சரிதவியலாரும் அல்லர். 1858ஆம் ஆண்டில் பிறந்து, கென்ற் மாகாணத்தின் கடற்கரை ஊராகிய மார்கேற்றில் வைத்தியத் தொழில் நடத்தியவர். அவ்வூரைச் சூழ்ந்து நிற்பன வெண்கட்டிச் செங்குத்துக் கரைகளே. ஆயினும் மார்கேற்றுக்கு அருகே கடலைப் பார்த்து நிற்பவை வரிசையின் மேல் வலயங்கள். கதையின் முன் அதிகாரங்களைப் படிக்க வேண்டுமாயின் டோவருக்கும், அதற்கப்பால் தென் இங்கிலாந்தின் பிற கரைகளுக்கும் கற்குழிகளுக்கும் செல்ல வேண்டியிருந்தது. நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சிய நாட்களை றோ அவற்றுக்கே கொடுத்தார்.

அவர் தமக்கு வகுத்துக் கொண்ட நியதி கடுமையானது. எவ்வலயத்தில், எம்மட்டத்தில் எடுக்கப்பட்டது என்று திட்டமாகத் தெரியாத ஓடு, எத்துணை அழகியதாயினும், ஆராய்ச்சிக்கு ஆகாது. நொறுங்கிய துண்டாயினும் மட்டம் தெரிந்தால் அது சாட்சி. இவ்வாறு ஏறத்தாழ 2000 மைக்கிராஸ்டர் ஓடுகளை அவர் திரட்டினார்.

திரட்டிய ஓடுகளின் மேல் ஒட்டியிருந்த வெண்கட்டியை அகற்றுவதும் ஒரு கலையாக இருந்தது. தூரிகையாலும் ஊசியாலும் சுரண்டினால் நுண்ணிய அடையாளங்கள் கெடும், அன்றேல் மறைந்தே கிடக்கும். தந்தவைத்தியர் சொத்தைப் பல்லைக் குடைந்து துப்புரவாக்கும் பொறியை றோ கையாண்டார். நோயாளியின் வாயில் சுழல வேண்டிய சிறு கருவி, கோடிக்கணக்கான ஆண்டுகள் மூடிக்கிடந்த துளைகளுக்கிடையே சுழன்றது. அதுவரை எவரும் தெளிவாகக் காணாத சிறு குமிழ்களும் வரிகளும் மேடுபள்ளங்களும் வெளிப்பட்டன.

1899ஆம் ஆண்டிலே இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டிதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. மைக்கிராஸ்டர் சாதியை வலய ஒழுங்கில் வைத்துச் செய்த பகுப்பாய்வு என்பதே அதன் தலைப்பின் சாரம். அதிலே அவர் காட்டியது யாது? கீழ் வலயங்களிலிருந்து மேல் வலயங்களை நோக்கிச் செல்லுந்தோறும் ஓடுகள் ஒரு திசையில் மாறுகின்றன. அகலம் கூடுகின்றது, ஓட்டின் மிக உயர்ந்த இடம் பின்னோக்கி நகர்கின்றது. பூவிதழ்கள் நீள்கின்றன. கீழ்ப்புறத்து வாய் முன்விளிம்பை நோக்கிச் செல்கின்றது. வாயின் பின் உதடு நீண்டு வாயை மூடத் தொடங்குகின்றது. முன்புறத்துப் பள்ளம் ஆழமாகின்றது. இதழ்களின் துளை வரிசைகளுக்கு இடையேயுள்ள பகுதி, கீழே வழுவழுப்பாக இருந்து, பின் பொருத்துக்கோடு தெரியும்படியாகி, பின் வீங்கி, ஈற்றில் நடுவே பிளவுற்றுக் காணப்படுகின்றது.

இம்மாற்றங்களுள் எதுவும் திடீரென்று தோன்றவில்லை. ஒரு மட்டத்திலே பெரும்பான்மை ஒரு வகையாகவும் சிறுபான்மை அடுத்த வகையாகவும் இருக்கும். சற்று மேலே சென்றால் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிடும். இந்த ஒழுங்கு நன்கு பழகிய கண்ணுக்கு, முழு ஓடு வேண்டியதில்லை. இதழின் ஒரு துண்டைக் கண்டே அது பாறையின் எவ்வலயத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம் என றோ காட்டினார். டார்வின் தொலைந்து போயிற்று என்று வருந்திய பக்கங்களுள் சில, ஒரு கடற்கரை ஊர் வைத்தியரின் அலுமாரியில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

ஆனால் இவ்வெற்றியே ஒரு சிக்கலைப் பெற்றெடுத்தது. ஆமையின் இதயம் பாம்பின் இதயமாக எங்கே மாறுகின்றது? இடையில் எல்லை காணாத ஒரு தொடருக்கு இரு பெயர் இடுவது எவ்வாறு? ஓடுகள் சிலவாக இருந்தபோது இனங்கள் தெளிவாக இருந்தன. ஓடுகள் 2000 ஆனபோது இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பெயரிட்ட முன்னோர் பிழை செய்தாரல்லர். அவர்கள் தொடரின் சில இடங்களைக் கண்டனர், தொடரைக் கண்டிலர்.

இந்நிலையில் றோ செய்தது வியப்புக்குரியது. பெயர்களை எல்லாம் தள்ளிவிடவில்லை; தாமும் ஒரு புதிய இனத்தை விவரித்தார். கீழ் வலயத்து உருவங்களுக்கும் மேல் வலயத்து உருவங்களுக்கும் இடைப்பட்ட ஒரு கூட்டத்துக்கு ‘பிரேக்கூர்சர்’ என்று பெயர் சூட்டினார். ‘முன்னோடி’ என்பது அதன் பொருள். முன்னவர் வைத்த பெயர்கள் வடிவத்தைப் பார்த்து எழுந்தவை: பாம்பின் இதயம், ஆமையின் இதயம், எருதின் இதயம். றோ வைத்த பெயரோ காலத்தைப் பார்த்து எழுந்தது; பின்னால் வரப்போகும் ஒன்றை நோக்கிக் கை நீட்டுவது. கல்லில் எல்லை இல்லை என்று அறிந்த ஒருவர், பேச்சுக்கு எல்லை வேண்டும் என்பதையும் அறிந்து வைத்த பெயர் அது.

பெயர்களின் மறுபக்கத்தை அறிந்த ஒருவர் அவருக்கு நண்பராகவும் வாய்த்தார். 1900 முதல் 1908 வரை றோ ஆங்கிலக் கடற்கரையின் வெண்கட்டி வலயங்களைப் பற்றி ஐந்து பகுதிகள் எழுதினார். அவற்றுக்குக் கரைகளின் வரைபடங்களை அமைத்தவர் சார்ள்ஸ் டேவிஸ் சேர்போண். ஒளிப்படங்கள் எடுத்தவர் இரசாயனப் பேராசிரியர் ஆம்ஸ்ட்ரோங். சேர்போண் 1890ஆம் ஆண்டில் வேறொரு மாபெரும் பணியைத் தொடங்கியிருந்தார். 1758 முதல் 1850 வரை உலகில் எவரேனும் எந்த விலங்குக்கேனும் இட்டு அச்சிட்ட பெயர் ஒவ்வொன்றையும், அது முதலில் எந்நூலில் எப்பக்கத்தில் வந்தது என்ற குறிப்போடு திரட்டுவதே அப்பணி. முதற் பகுதி 1902ஆம் ஆண்டில் வெளிவந்தது. பணி முற்றுப்பெற்றது 1933ஆம் ஆண்டில். 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் அடங்கின.

செங்குத்துக் கரையின் அடியில், அலை பின்வாங்கிய வேளையில், இருவரும் சேர்ந்து நடந்தனர். ஒருவர் பெயர்களுக்கிடையே எல்லை இல்லை என்று கண்டவர். மற்றவர் ஒவ்வொரு பெயரும் எப்பொழுது, எவரால் பிறந்தது என்பதைக் காப்பாற்றுவதற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர். இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் ஒன்றின்றி மற்றது நில்லாது. பழைய பெயர் எதனைக் குறித்தது என்பது தெரியாவிடின், அது பிழை என்று காட்டவும் இயலாது, திருத்தவும் இயலாது.

றோ 1926ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கட்டுரையின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. 1954ஆம் ஆண்டிலே கெர்மாக் என்னும் ஆராய்ச்சியாளர், பாம்பின் இதயத்தையும் அதற்கு நெருங்கிய மற்றோர் உருவத்தையும் எடுத்து, ஓடு ஓடாக அளந்து, புள்ளிவிவர முறையால் ஒப்பிட்டார். கண்ணின் தீர்ப்பு எண்ணின் சோதனைக்கு உட்பட்டது. 1959ஆம் ஆண்டிலே டேவிட் நிக்கொல்ஸ் வேறொரு வினாவை எழுப்பினார். ஓடு மாறியது என்பது சரி, எதற்காக மாறியது?

அதற்கு விடை காண அவர் கற்களை விட்டு உயிருள்ள முள்ளெலிகளிடம் சென்றார். இன்றைய கடல்களில் மணலுக்குள் வாழும் இதய முள்ளெலிகள் எவ்வாறு துளைத்துச் செல்கின்றன, மேலே நீருடன் தொடர்பு கொள்ளும் சிறு குழாயை எவ்வாறு அமைக்கின்றன, நுண்மயிர்களால் எவ்வாறு நீரோட்டத்தை உண்டாக்குகின்றன என்று கவனித்தார். ஓட்டின் ஒவ்வோர் அடையாளமும் ஒரு தொழிலின் அடையாளம் என்று கண்டார். நீண்ட இதழில் துளைகள் மிகுதி. துளைகள் மிகுந்தால் மூச்சு விடும் குழாய்ப்பாதங்களும் மிகுதி. ஆகவே, காலஞ் செல்லச் செல்ல மைக்கிராஸ்டர் சேற்றினுள் மேலும் ஆழமாகப் புதைந்து வாழப் பழகிற்று என்பது அவர் கொண்ட முடிபு. றோவின் அலுமாரியில் உருவங்களின் வரிசையாக இருந்தது நிக்கொல்ஸின் கையில் ஒரு வாழ்க்கை வரலாறாயிற்று.

அவ்வரலாறும் பின்னர் கேள்விக்கு உட்பட்டது. பிற நாடுகளின் வெண்கட்டிப் பாறைகளை ஆராய்ந்தவர்கள், இது ஒரே நேர்கோட்டில் நடந்த பயணம் அன்று என்றனர். பக்கக்கிளைகள் உண்டு, ஒரே காலத்தில் வாழ்ந்த உருவங்களுக்குள்ளும் வேறுபாடு பெரிது என்றனர். எத்தனை இனங்கள், எது எதிலிருந்து கிளைத்தது என்பது பற்றிய கருத்துகள் மாறி வந்தன. றோ தாம் சூட்டிய ‘முன்னோடி’ என்ற பெயரும் இந்த விசாரணைக்குத் தப்பவில்லை. பின்வந்தோர் சிலர் அதனை விட்டு, வேறு பெயர்களின் கீழ் அவ்வோடுகளை வகுத்தனர்.

அப்படியாயின் றோ தோற்றாரா? இல்லை. இப்புதிய விசாரணைகள் நடைபெற முடிந்ததே அவர் கடைப்பிடித்த நியதியால்தான். அவர் திரட்டிய ஓடுகளிற் பெரும்பகுதி இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்தது. மட்டம் குறித்து எடுத்து வைத்த ஓட்டை, அவர் கருத்தை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருங்கே பயன்படுத்தலாம். தம்மை மறுப்பதற்கு வேண்டிய சான்றையும் தாமே நேர்மையாகத் திரட்டி வைத்துச் செல்வது, உண்மையைத் தேடுவோர் பின்வருவோருக்கு விட்டுச் செல்லக்கூடிய பெரிய செல்வம்.

ஒரு நூதனசாலைப் பெட்டியிலே உயிர்ச்சுவட்டின் அருகே ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் இரு செய்திகள் எழுதப்பட்டிருக்கும்: ஒன்று இனத்தின் பெயர், மற்றது எடுக்கப்பட்ட இடமும் மட்டமும். முதலாவதை ஒரு தலைமுறை எழுதும்; அடுத்த தலைமுறை வெட்டித் திருத்தும்; அதற்கடுத்தது பழைய பெயரையே மீண்டும் எழுதினும் எழுதலாம். இரண்டாவதை எழுதுவதற்கு ஒரே ஒரு தருணந்தான் உண்டு. பாறையிலிருந்து கல் பெயர்க்கப்படும் அந்தக் கணத்தில் எழுதாது விட்டால், பின்னர் உலகத்து அறிஞரெல்லாம் கூடினும் எழுத முடியாது.

டன்ஸ்டபிள் மேட்டிலே தாயையும் சேயையும் புதைத்தவர்கள் அக்கல்லின் பெயரை அறியார். அதன் வயதையும் அறியார். ஆயினும் அது பொருளற்ற கல் அன்று என்பதை அறிந்திருந்தனர். பின் வந்த அறிஞர் அதற்குப் பெயரிட்டனர், பெயரைத் திருத்தினர், பெயர்களுக்கிடையே எல்லை இல்லை என்று கண்டனர், கண்ட பின்பும் பெயரிடுவதை விடவில்லை. வயலுக்கு வரம்பு கட்டுபவன் நிலம் அவ்விடத்தில் பிளந்து கிடக்கின்றது என்று எண்ணுவதில்லை. எது எங்கே என்று அயலவனோடு பேசுவதற்கே வரம்பு கட்டுகின்றான். ஒரு புதிய இனத்தை விவரிப்பதும் அத்தகைய செயலே. வரம்பு நேர்மையாகக் கட்டப்பட்டிருந்தால், அதனை மாற்றிக் கட்ட வருபவனுக்கும் அதுவே வழிகாட்டும்.